குடும்ப மருத்துவம் படித்தவருக்கு மருத்துவக் கல்லூரியில் எதிர்காலம் உண்டா?

மேற்கு மாவட்டம் ஒன்றில், தனியார் மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கும் 34 வயது மருத்துவர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அரசுக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ்., அதன் பின் டி.என்.பி. (தேசியத் தேர்வு வாரியம் தரும் முதுநிலைத் தகுதி) குடும்ப மருத்துவம் முடித்தவர். கணவர் எலும்பு மருத்துவர். நான்கு வயதில் ஒரு மகள். கல்லூரியில் குடும்ப மருத்துவத்துக்கென்று இருப்பது இவரும் ஒரு சீனியர் ரெசிடென்டும்தான். காலை ஓபியில் 70 பேர் வரை பார்க்கிறார். மதியம் சிஆர்ஆர்ஐ பயிற்சி மருத்துவர்களுக்கு வகுப்பு. நடுவே மாஸ்டர் ஹெல்த் செக்கப். பொது மருத்துவத் துறையில் (ஜெனரல் மெடிசின்) ஆள் குறைந்தால் அங்கேயும் டூட்டி. மாலை 6 மணிக்கு வீட்டின் கீழ்த்தளத்தில் கணவரோடு கிளினிக். 9 மணிக்கு மாடி ஏறினால் குழந்தை தூங்கியிருக்கும். கல்விக் கடன் இன்னும் பாக்கி. “கட்டுரை எங்கே?” என்று டீன் கேட்கிறார். பணம் கட்டினால் 10 நாளில் வெளியிடுகிறோம் என்று ஓர் இதழிலிருந்து மெயில் வந்திருக்கிறது. மாமனார், “பேசாமல் எம்.டி. ஜெனரல் மெடிசின் படித்துவிடும்மா, அப்போதுதான் மரியாதை” என்கிறார். இங்கிலாந்தில் ஜி.பி.யாக (அங்கே குடும்ப மருத்துவருக்கு அந்தப் பெயர்) இருக்கும் தோழி, “இங்கே வா, ஆராய்ச்சிக்கு நேரம் தருவார்கள்” என்கிறார். அசல் சான்றிதழ்கள் கல்லூரி அலுவலகத்தில் இருக்கின்றன.

கடிதத்தின் நடுவில் ஒரு பத்தி: “போன வாரம் ஒரு பாட்டி மஞ்சள் பையை அப்படியே என் மேஜையில் கவிழ்த்தார். பதினோரு மாத்திரை அட்டை. மூன்று ஆஸ்பத்திரி. இரண்டு அட்டையில் கம்பெனி பெயர்தான் வேறு, உள்ளே இருந்தது ஒரே சர்க்கரை மாத்திரை, மெட்ஃபார்மின். இரண்டையும் சாப்பிட்டு வந்திருக்கிறார். சிஆர்ஆர்ஐ பிள்ளைகளை அழைத்துக் காட்டினேன். பிரித்துக் கொடுக்க இருபது நிமிடம் ஆனது. வெளியே வரிசையில் சத்தம். இப்படியே போனால் நான் எப்போது ஆராய்ச்சி செய்வது?”

கடைசியில் அவர் கேட்பது இது: “கல்லூரியில் இருப்பதா, முழு நேரமும் கிளினிக்கில் உட்கார்ந்துவிடுவதா? எங்கள் துறைக்கு மருத்துவக் கல்லூரியில் எதிர்காலம் என்று ஒன்று உண்டா?”

அன்புள்ள டாக்டர்,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். களைப்பு முதல் வரியிலேயே தெரிகிறது. உங்களிடம் திறமையோ உழைப்போ குறைவாக இருப்பதாக எனக்கு எங்கேயும் படவில்லை. நோயாளி, வகுப்பு, ஆராய்ச்சி என்று மூன்று தனி வேலைகளை ஒரே நாளுக்குள் திணிக்கப் பார்க்கிறீர்கள். மூன்றும் தனித்தனியாக இருக்கும்வரை யாராலும் பத்து வருடம் தாக்குப்பிடிக்க முடியாது. என் தலைமுறையில் இந்தத் துறைக்கு ஆசையோடு வந்து, ஐந்தாவது வருடம் மனம் வெறுத்துப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்றையும் ஒரே வேலையாக்க வழி இருக்கிறது. அந்த வழி உங்கள் கடிதத்திலேயே, நீங்கள் புகாராக எழுதியிருக்கும் பத்தியில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

“எதிர்காலம் உண்டா” என்ற கவலையை முதலில் எடுத்துக்கொள்வோம். இது உங்கள் கல்லூரிக்கு மட்டும் வந்த நிலை இல்லை. ஜி.பி.க்களுக்குப் பல்கலைக்கழகத்தில் தனிப் பேராசிரியர் பதவி உலகில் முதன்முதலாக 1963-ல்தான் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உருவானது. அதற்கு முன் மருத்துவ மாணவர்கள் பெரும்பாலும் வார்டில் படுத்திருக்கும் நோயாளியைப் பார்த்தே டாக்டரானார்கள். அதில் என்ன குறை என்பதை 1961-ல் கெர் ஒயிட் என்ற மருத்துவ ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் ஒரு கணக்காகவே போட்டுக் காட்டினார்கள். ஒரு மாதத்தில் 1000 பெரியவர்களை எடுத்துக்கொண்டால் 750 பேருக்கு ஏதாவது உடம்பு சரியில்லாமல் போகிறது. அவர்களில் 250 பேர் மருத்துவரிடம் போகிறார்கள். 9 பேர் ஆஸ்பத்திரியில் சேர்கிறார்கள். பல்கலைக்கழக மருத்துவமனை வரை போய்ச் சேருபவர் ஒரே ஒருவர். அந்த ஒருவரை வைத்துத்தான் நாம் ஐந்தரை வருடம் பாடம் படிக்கிறோம். மிச்சம் 249 பேர் வரும் இடத்தில், அங்கே வேலை செய்யும் ஒருவரே நின்று பாடம் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் உங்கள் பதவி இருக்கிறது.

நம் நாட்டில் வேகம் குறைவு என்பதை ஒத்துக்கொள்கிறேன். எம்.பி.பி.எஸ். நடத்தும் கல்லூரிக்குக் குடும்ப மருத்துவத் துறை கட்டாயம் என்ற நிலை இன்னும் வரவில்லை. ஆனால் பாதை இல்லாமல் இல்லை. வேலூர் சி.எம்.சி. 1982-லேயே ஏழைகளுக்கான குறைந்த செலவுப் பிரிவைத் தொடங்கியது. ஊர்ப்புறத்தில் வேலை செய்யும் டாக்டர்களுக்கான தொலைநிலைக் குடும்ப மருத்துவப் பட்டயத்தை 2006-ல் ஆரம்பித்தது. கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி எம்.டி. குடும்ப மருத்துவம் நடத்துகிறது. புதிய எய்ம்ஸ்கள் பலவற்றில் துறையின் பெயரே ‘சமூக மற்றும் குடும்ப மருத்துவம்’. 2017-ன் தேசிய சுகாதாரக் கொள்கையும் இந்த மேற்படிப்பைப் பரவலாக்கச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியதிலிருந்து சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடிப் போகின்றன. அந்த வீடுகளில் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா, சாப்பிடாவிட்டால் ஏன் என்று கேட்டுச் சொல்ல ஆள் வேண்டும். அது உங்கள் துறையின் வேலை.

முதலில் நியமன ஆணையை எடுத்துப் பாருங்கள்

இன்று இரவே பாருங்கள். அதில் எந்தத் துறையின் உதவிப் பேராசிரியர் என்று எழுதியிருக்கிறது? ஆசிரியர் அனுபவத்தைத் துறைவாரியாகத்தான் கணக்கிடுவார்கள். ஆணையில் ‘பொது மருத்துவம்’ என்று இருந்தால், அந்தத் துறையில் பதவி உயர்வுக்கு உங்கள் டி.என்.பி. உதவாது. குடும்ப மருத்துவ அனுபவமாக எடுத்துக்கொள்ளச் சொன்னால், காகிதம் வேறு சொல்லும். வருடங்கள் உழைத்த பிறகு இது தெரியவந்து உடைந்துபோன ஒருவரை எனக்கு நேரடியாகத் தெரியும். தவறாக இருந்தால் இப்போதே எழுத்தில் திருத்தம் கேளுங்கள். ஆள் இல்லாத நாளில் மெடிசின் டூட்டி பார்த்துக் கொடுப்பது சகஜம்தான். ஆனால் மாதா மாதம் அதுவே உங்கள் ரோஸ்டராக ஆகிவிடக் கூடாது.

டி.என்.பி. என்பதால் எம்.டி.க்கு ஒரு படி கீழே என்று நினைப்பதும் எழுதியிருக்கிறீர்கள். அந்த நினைப்பை விட்டுவிடுங்கள். ஆசிரியர் பணிக்கு அது அங்கீகரிக்கப்பட்ட தகுதி. பி.எச்டி. இல்லாமல் பேராசிரியராக முடியாது என்பதும் நம் துறைகளுக்குப் பொருந்தாது. 2022-ன் ஆசிரியர் தகுதி விதிகளின்படி இணைப் பேராசிரியராக 4 வருட அனுபவம், இரண்டு ஆய்வுக் கட்டுரைகள், மருத்துவக் கல்வியியல் அடிப்படைப் பயிற்சி, உயிர்மருத்துவ ஆராய்ச்சி அடிப்படைப் பயிற்சி ஆகியவை வேண்டியிருந்தன. பிறகு 3 வருடம் கழித்துப் பேராசிரியர். 2025-ல் புதிய விதிகள் வந்துவிட்டதால் அந்த அரசிதழ் நகலைப் பதிவிறக்கி உங்கள் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் யாராவது வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். ஆராய்ச்சிப் பயிற்சியை நடத்துவது சென்னை ஆயப்பாக்கத்திலுள்ள தேசிய நோய்த்தொற்றியல் நிறுவனம். என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் படிப்புத் தளம் வழியாக வீட்டிலிருந்தே படிக்கலாம். அடுத்த பருவத்திலேயே முடித்துவிடுங்கள்.

அந்தப் பத்து நாள் இதழுக்குப் பதிலே எழுதாதீர்கள். பதவி உயர்வுக்கு எந்தப் பட்டியலில் உள்ள இதழ்கள் செல்லும் என்று விதியிலேயே இருக்கிறது. ஒரே நோயாளியைப் பற்றிய கேஸ் ரிப்போர்ட் கணக்கில் வராது, பல நோயாளிகளைத் தொகுத்துச் சொல்லும் கேஸ் சீரிஸ் வரும். முதல் மூன்று ஆசிரியர்களில் ஒருவராகவோ தொடர்புக்குரிய ஆசிரியராகவோ உங்கள் பெயர் இருக்க வேண்டும். காசு கொடுத்துப் போட்ட கட்டுரை எண்ணிக்கையில் சேராது, உங்கள் பெயரோடு மட்டும் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

அந்த மஞ்சள் பை

“எப்போது ஆராய்ச்சி செய்வது?” என்று கேட்டீர்கள். அன்றைக்கு அந்த இருபது நிமிடத்தில் நீங்கள் செய்ததில் ஆராய்ச்சியின் பாதி இருக்கிறது. ஒரு பிரச்சினையைக் கண்ணால் கண்டீர்கள். அது எப்படி உண்டானது என்று பிரித்துப் பார்த்தீர்கள். மாணவர்களுக்குக் காட்டினீர்கள். நோயாளியைக் காப்பாற்றினீர்கள். ஒன்றை மட்டும் விட்டுவிட்டீர்கள், எழுதி வைக்கவில்லை.

ஆராய்ச்சி என்றால் லேப், ஜீன், லட்சக்கணக்கில் நிதி என்று நம் கல்லூரிகள் நமக்குப் பழக்கிவிட்டன. இங்கிலாந்தின் யார்க்ஷயரில் வில்லியம் பிக்கிள்ஸ் என்று ஒரு கிராமத்து டாக்டர் இருந்தார். எந்த ஊரில், எந்தத் தேதியில், யாருக்கு மஞ்சள் காமாலை, யார் யாரைச் சந்தித்தபின் வந்தது என்று தினமும் அட்டவணையில் குறித்துக்கொண்டே வந்தார். அந்தக் குறிப்புகளிலிருந்து, நோய் உடம்புக்குள் புகுந்து எத்தனை நாள் கழித்து வெளியே தெரிகிறது என்று கண்டுபிடித்தார். பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தவர்களால் அது முடியவில்லை, அவர்களுக்கு நோயாளியின் பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று தெரியாது. பின்னாளில் ‘கல்லூரி’ என்று அழைக்கப்படும் அந்நாட்டு ஜி.பி.க்களின் தொழில் அமைப்புக்கு முதல் தலைவர் அவர்தான்.

உங்களுக்கு இப்படி ஒன்று சொல்கிறேன். உங்கள் ஓபிக்கு வரும் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில், வரிசையாக 200 பேர். விட்டுவிட்டுத் தேர்ந்தெடுக்காமல் வருகிற வரிசையிலேயே. ஒவ்வொருவரும் அடுத்த முறை வரும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரையையும் பையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு பக்கப் படிவம் போதும்: எத்தனை அட்டை, எத்தனை டாக்டர், ஒரே மருந்து இரண்டு பெயரில் உள்ளதா, எதைச் சாப்பிடாமல் வைத்திருக்கிறார், ஏன். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை அவர்கள் வாய்மொழியாகவே எழுதுங்கள். “சாயந்தர மாத்திரை போட்டால் கிறுகிறுக்குது, அதான் விட்டுட்டேன்” என்று ஒருவர் சொன்னால் அந்த வரி அப்படியே வேண்டும். நாளுக்கு நாலு பேர் என்றால், நாலு மாதத்துக்குள் முடியும்.

ஒரு எச்சரிக்கை. முதலில் தகவலைச் சேர்த்துவிட்டு அப்புறம் நெறிமுறைக் குழுவிடம் போகாதீர்கள். ஆய்வுத் திட்டத்தை எழுதி, கல்லூரியின் நெறிமுறைக் குழுவில் ஒப்புதல் வாங்கி, நோயாளியிடம் தமிழில் எழுதிய ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து பெற்று, அதன் பிறகுதான் முதல் படிவத்தை நிரப்ப வேண்டும். கொஞ்ச நாள் போகும், போகட்டும். அவசரப்பட்டு இந்த வரிசையை மாற்றியதால் நல்ல ஆய்வுகள் குப்பைக்குப் போயிருக்கின்றன.

வகுப்பும் இதிலேயே அடங்கும். படிவத்தை நிரப்ப சிஆர்ஆர்ஐ பிள்ளைகளைப் பழக்குங்கள். மதியம் தனியாக ஸ்லைடு போட்டு மருந்துகளின் பக்கவிளைவு நடத்துவதைவிட, அன்று காலை வந்த மூன்று பைகளை வைத்து ஒரு மணி நேரம் பேசுங்கள். எம்.பி.பி.எஸ். மாணவர் யாராவது ஆர்வம் காட்டினால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) குறுகிய கால மாணவர் திட்டத்துக்கு இதையொட்டி ஒரு சிறு கேள்வியை எழுதச் சொல்லுங்கள். உழைத்தவர்களின் பெயர் கட்டுரையில் வர வேண்டும். உழைக்காத எவருடைய பெயரும், பதவி எவ்வளவு பெரிதானாலும், வரக் கூடாது. இதை முதல் நாளே எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள். பிறகு சொல்வது கஷ்டம்.

சமூக மருத்துவத் துறையோடு மல்லுக்கட்ட வேண்டாம். அங்கே புள்ளியியல் தெரிந்தவர் இருப்பார், நகர்ப்புற சுகாதாரப் பயிற்சி மையம் இருக்கும், சிஆர்ஆர்ஐகளுக்கு 12 வாரப் பணி இருக்கும். அந்த மையத்தில் வாரத்தில் ஒரு நாள் நீங்கள் தொடர்ந்து ஒரே குடும்பங்களைப் பார்க்க முன்வந்தால் அவர்களுக்கும் வேண்டியதுதான். இரண்டு துறைகளும் ஒன்றையொன்று போட்டியாகப் பார்த்து வீணடித்த வருடங்களை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்.

நேரம் வாயால் கேட்டால் கிடைக்காது

வாரத்தில் ஒரு மதியம், நாலு மணி நேரம். அதுவும் ரோஸ்டரில் பெயர் போட்டு. வருடத்தில் 45 வாரம் என்று வைத்தால் 180 மணி நேரம். ஒரு நல்ல கட்டுரைக்கு அது தாராளம். “சார், எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும்” என்று டீனிடம் போகாதீர்கள். அவரும் கட்டுரை இல்லாமல் பதில் சொல்ல வேண்டிய இடத்தில்தான் இருக்கிறார். ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: ஆய்வுக் கேள்வி, எத்தனை மாதம், எந்த மதியம், அன்று ஓபியை யார் பார்ப்பார்கள், என்ன கிடைக்கும். பிற்காலத்தில் கல்லூரி இந்தத் துறையில் முதுநிலை இடங்கள் கேட்க நினைத்தால், அதற்கு வேண்டிய ஆசிரியராக உங்களை வளர்ப்பது அவர்களுக்கும் லாபம் என்பதையும் ஒரு வரியில் சேருங்கள்.

இன்னொரு உரிமையும் இருக்கிறது. 50 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் சொன்னது. தாய் நாளுக்கு நாலு முறை போய்ப் பார்க்கலாம். நீங்கள் மட்டும் கேட்டால் ‘டாக்டரம்மா பிரச்சினை’ ஆகிவிடும். நர்சுகளோடு சேர்ந்து கேளுங்கள், அவர்களுக்கு உங்களைவிட அவசரம்.

மாலைக் கிளினிக்கை மூட வேண்டாம், ஆறு நாளை மூன்று நாளாக்குங்கள். வருமானம் குறையும், கடன் தவணையை இன்னும் கொஞ்ச காலம் நீட்ட வேண்டிவரும். கணவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டு முடிவெடுங்கள். மற்ற மூன்று நாள் மகள் தூங்குவதற்கு முன் வீட்டில் இருங்கள். அந்த நேரத்தில் கட்டுரை எழுதவே கூடாது.

மற்ற இரண்டு வாசல்கள்

மாமனார் சொல்வது அக்கறையில்தான். வார்டும் ஐ.சி.யு.வும் உங்களை இழுக்கின்றன என்றால் எம்.டி. மெடிசின் நியாயமான ஆசை, போங்கள். மரியாதைக்காக மட்டும் என்றால் மறுபடி நுழைவுத் தேர்வு, மூன்று வருடம் இரவு டூட்டி என்று கொடுத்துவிட்டு, கடைசியில் உங்களுக்குப் பிடித்த நோயாளிகளைவிட்டு விலகியிருப்பீர்கள். உங்கள் கடிதத்தில் நீங்கள் உயிரோடு எழுதியிருக்கும் ஒரே இடம் அந்தப் பாட்டி வரும் இடம். அதைக் கவனித்தீர்களா?

இங்கிலாந்தைப் பற்றித் தோழி சொன்னதில் பாதி உண்மை. அங்கே ஜி.பி. பயிற்சி 3 வருடம். அதோடு ஆராய்ச்சியும் சேர்ந்த தனிப் பயிற்சி இடங்கள் உண்டு. அவற்றில் 4 வருடத்தில் கால் பங்கு நேரம் ஆராய்ச்சிக்கென்று பதவியிலேயே எழுதப்பட்டிருக்கும். ஆனால் அந்த இடங்கள் சொற்பம், தனிப் போட்டி. சாதாரண ஜி.பி.க்கு அங்கேயும் ஓபிதான், நெரிசல்தான். குடும்பத்தோடு அங்கே வாழ ஆசையிருந்தால் போகலாம். ஆராய்ச்சி நேரத்துக்காக மட்டும் போகாதீர்கள்.

தனியாக இருப்பதுதான் உங்களை அதிகம் தின்கிறது என்று நினைக்கிறேன். இந்தியக் குடும்ப மருத்துவர்கள் அகாடமியின் மாநாட்டுக்கு ஒரு முறை போய் வாருங்கள். உலகக் குடும்ப மருத்துவர்கள் அமைப்பான வோன்காவின் தெற்காசிய இளம் மருத்துவர் பிரிவான ‘ஸ்பைஸ் ரூட்’டில் உங்கள் வயதுக்காரர்கள் இருக்கிறார்கள். அங்கே மூன்று பேரைப் பிடித்து, மாதம் ஒரு ஞாயிறு ஒரு மணி நேரம் போனில் ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துத் திருத்துங்கள். என் முதல் கட்டுரை மூன்று இடங்களில் திரும்பி வந்தபோது அதை நான் தூக்கிப் போடாமல் இருந்ததற்கு அப்படிப்பட்ட இரண்டு நண்பர்கள்தான் காரணம்.

ஒரு வருடம் கொடுங்கள், இன்னும் ஐந்து வருடம் என்று இழுக்க வேண்டாம். அடுத்த ஆண்டு இதே மாதம் மூன்றைப் பாருங்கள். ஆணையில் துறையின் பெயர் சரியாகிவிட்டதா? அந்த ஒரு மதியம் ரோஸ்டரில் வந்ததா, வந்தது நிஜமாகவே கிடைத்ததா? படிவங்கள் நிரம்பினவா? முதல் இரண்டும் எழுத்தில் கேட்டும் நடக்கவில்லை என்றால் அந்தக் கல்லூரியை விட்டு வேறு கல்லூரி தேடுங்கள். நீங்கள் தோற்றதாக ஆகாது. கல்லூரியை விடுவது வேறு, துறையை விடுவது வேறு. படிவங்களில் உங்களுக்கே மனம் ஒட்டவில்லை என்றால், முழு நேரக் கிளினிக்குக்கு நிம்மதியாகப் போகலாம். நல்ல குடும்ப டாக்டர் ஒருவர் ஓர் ஊருக்குக் கிடைப்பதும் சின்ன விஷயம் கிடையாது.

சான்றிதழ்கள் விஷயம். சரிபார்த்தபின் அசலைப் பிடித்துவைக்க நிறுவனத்துக்கு உரிமையில்லை. கல்விச் சான்றிதழ்கள் அடகு வைக்கும் சரக்கு இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் கல்லூரிகளுக்குச் சொல்லியிருக்கிறது. வேலையை விடும் நேரத்தில் கேட்டால் சண்டையாகும். இப்போது, உறவு நன்றாக இருக்கும்போதே, ‘பயிற்சி விண்ணப்பத்துக்குத் தேவை’ என்று உண்மைக் காரணம் எழுதி, கடிதத்தின் நகலில் சீல் வாங்கிக்கொண்டு, திரும்பப் பெற்றுவிடுங்கள். நோட்டீஸ் காலம் எத்தனை மாதம் என்று ஆணையில் இருக்கும், அதையும் அப்படியே குறித்து வையுங்கள்.